பதினொரு சிவப்புக் கோடுகள்

படகுக்கு ஒரு டிராக்கர் வாங்க வேண்டும் என்று அப்பா சொன்னதும் நான் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் தேவைகள், வலப்பக்கம் கருவிகள். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கப் போன நாளிலிருந்து இது என் பழக்கம். வீட்டுக்கு மிக்ஸி வாங்கியபோதும் கோடு போட்டேன். டிராக்கருக்குப் போட்ட தாளும் இன்னும் இருக்கிறது. உப்புத்தண்ணீர் உள்ளே போகக் கூடாது. படகின் பேட்டரி செத்தாலும் நான்கு நாள் ஓட வேண்டும். கரையிலிருந்து போனில் பார்க்க முடிய வேண்டும். நான்காவது வரி அப்பா சொல்லி எழுதியது: வெளியே தெரியக் கூடாது.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஸ்ராங்கு கண்ணுல பட்டா கழட்டிக் கடல்ல எறிவான்."

ஸ்ராங்கு என்றால் படகை நடத்துகிறவர். எங்கள் ஸ்ராங்கு கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். மீன் விற்ற பணத்தில் ஒரு பங்குக்கு, பதினைந்து வருடமாக எங்கள் படகில் இருந்தார். கொச்சியில் தோப்பும்படியில் வாடகை வீடு, மனைவி மட்டும் கூட. எந்த மாதம் எந்த இடத்தில் வலை இழுத்தால் மீன் விழும் என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த இடங்களை 'பாயிண்ட்' என்பார்கள். ஒவ்வொரு ஸ்ராங்கும் தன் பாயிண்டுகளைத் தன் சொந்தக் கருவியில் வைத்திருப்பார். படகு மாறினால் கருவியும் கூடவே போகும். எங்களவரிடம் இருந்தது பொத்தான்களில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு பழைய கை ஜிபிஎஸ். படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸில் யார் காலடி வைத்தாலும் தோளில் கிடக்கும் துண்டை, அந்தத் தோர்த்தை, எடுத்து அதன் திரைமேல் போட்டுவிடுவார். அப்பா நுழைந்தாலும் போடுவார்.

அதுதான் அப்பாவால் தாங்க முடியாதது. அப்பாவுக்குக் கடல் தெரியாது. மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கு வைத்திருந்தவர், அதை விற்றுப் படகு வாங்கினார். நாங்கள் இன்னும் அந்தக் கிடங்கின் மாடியில்தான் இருக்கிறோம். இப்போது கீழே வேறு யாருடைய சுக்கோ மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

"போட் என்னோடது, டீசல் என்னோடது, ஐஸ் என்னோடது. மீன் எங்க இருக்குன்னு மட்டும் எனக்குச் சொல்ல மாட்டான். ஒரு சீசன் போதும் மோளே. எல்லாம் கையில கிட்டினதும் அவனை வேலையை விட்டுப் பறஞ்சு விட்டுடலாம்."

நான் யோசித்தேன். எங்களுடையது இரும்புப் படகு. ஜிபிஎஸ்ஸுக்கு வானம் தெரிய வேண்டும், இரும்புக்கு உள்ளே ஒளித்தால் வேலை செய்யாது. வீல்ஹவுஸின் ஃபைபர் கூரைக்கு அடியில்தான் வைக்க முடியும், அங்கே வைத்தால் கட்டாயம் பார்ப்பார்.

"மறைக்கவே வேண்டாம்ப்பா. பாதுகாப்புக்குன்னு சொல்லிடலாம். அவரே இடம் காட்டித் தருவார்."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. நான்காவது வரியை அடித்தேன்.

கடைசியில் வலப்பக்கம் இரண்டு கருவிகள் நின்றன. ஒன்று, சாட்டிலைட் வழியாகப் பேசுவது. எவ்வளவு ஆழக்கடலுக்குப் போனாலும் மணிக்கு ஒரு தடவை இருக்குமிடத்தைக் கரைக்குச் சொல்லும். ஆபத்தென்றால் அமுக்க ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு. மற்றது போன் சிக்னலில் ஓடுவது. சிக்னல் எட்டாத தூரத்தில் அது யாருக்கும் எதையும் சொல்லாது. ஆனால் நிமிடத்துக்கு ஒரு தடவை இடத்தையும் வேகத்தையும் மெமரியில் எழுதிக்கொண்டே இருக்கும். படகு சிக்னலுக்குள் திரும்பியதும் மொத்தத்தையும் கொட்டிவிடும். படகு வலையில்லாமல் ஓடும்போது ஒரு வேகம், வலை இழுக்கும்போது அதில் பாதிகூட இருக்காது. மெதுவாகப் போன நிமிடங்களை மட்டும் பிரித்தெடுத்தால் பாயிண்ட் கிடைத்துவிடும். மணிக்கு ஒரு தடவை சொல்வதில் அது கிடைக்காது.

இரண்டாவதை வாங்கினோம். தேவைகள் பக்கத்தில் 'ஆபத்து' என்ற சொல்லை நான் எழுதியிருக்கவில்லை.

மழைக்கால மீன்பிடித் தடை முடிந்து படகுகள் கிளம்புவதற்கு முந்தைய வாரம், தோப்பும்படி ஹார்பரில் போய் நானே பொருத்தினேன். ஸ்ராங்கு எனக்கு ஏணி பிடித்தார்.

"இது என்ன பண்ணும் மக்களே?" அவர் ஊரில் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நீங்க எங்க இருக்கீங்கன்னு காட்டும். ஏதாவது ஆனா தேடி வர்றதுக்கு."

அவர் அண்ணாந்து கருவியைப் பார்த்தார். பிறகு, "எனக்க தம்பி போன புயல்ல அப்பிடிப் போனவந்தான். எங்க தேடணும்னு ஒருத்தனுக்கும் தெரியல," என்றார். ஏணியிலிருந்து இறங்கியதும் எனக்குச் சாயா வாங்கித் தந்தார். "மொதலாளிக்கு இப்பிடி ஒரு மனசு இருக்கும்னு நெனைக்கல."

மறுநாள் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். அந்தக் கருவி தன் போனிலும் தெரியுமா என்று கேட்டார். லிங்க் அனுப்பினேன். படகு இப்போது நிற்கும் புள்ளி மட்டும் அவருக்குத் தெரியும்படியும், போன வழியின் கோடு தெரியாதபடியும் அமைத்தேன். அவர் அதற்கும் நன்றி சொன்னார்.

ஆறு தடவை கடலுக்குப் போய் வந்தார்கள். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் கருவி கொட்டியதை லேப்டாப்பில் எடுத்து, மெதுவாகப் போன இடங்களைச் சிவப்பாக்கினேன். ஆறாவது தடவைக்குப் பிறகு பதினொரு சிவப்புக் கோடுகள் தேறின. அப்பா ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு அவற்றைப் பார்ப்பார், மற்றவர்கள் சீரியல் பார்ப்பது போல.

அந்த மாதங்களில் ஸ்ராங்கின் மனைவி பார்த்துக்கொண்டிருந்தது வேறு. படகு கிளம்பிச் சில மணி நேரத்தில் புள்ளி ஓரிடத்தில் நின்றுவிடும். அது போன் சிக்னல் முடிகிற இடம். ஆறு நாள் அங்கேயே நின்று, பிறகு கரைக்கு வரும். தன் புருஷன் அங்கேதான் நங்கூரம் போட்டு மீன் பிடிக்கிறார் என்று அவர் நினைத்தார். பக்கத்து வீட்டாருக்குக் காட்டுவாராம்: "அவிய இப்ப இங்கதான் நிக்காவ." இதை என்னிடம் அவரே சொன்னார். நான் திருத்தவில்லை.

ஏழாவது தடவை படகு வரவில்லை.

வரவேண்டிய நாளுக்கு மறுநாள் காலை ஹார்பருக்குப் போனோம். வயர்லெஸில் பதில் இல்லை. எங்கள் ஸ்ராங்கு தன் பாயிண்டை எவரும் பார்த்துவிடக் கூடாதென்று எப்போதும் தனியாகப் போகிறவர்; வயர்லெஸ் எட்டும் தூரத்தில் வேறு படகே இருக்காது. தேடுவதற்கு வந்த அதிகாரி, கடைசியாக எங்கே இருந்தார்கள் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் ஸ்ராங்கின் மனைவி போனை நீட்டினார்.

"இந்தா, இங்க நிக்காவ சார். அசையாம நிக்காவ. போனா பாத்துரலாம்."

அவர் முகத்தில் பயமே இல்லை. மற்ற பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள், அவர்களை அவர் அதட்டினார்: "எடம் தெரிஞ்ச பொறவு எதுக்குடி அழுவுதிய?"

நான் அப்பாவைத் தனியே அழைத்தேன். "அது போட் இருக்குற எடமில்லப்பா. சிக்னல் போன எடம்."

"தெரியும். இப்ப அதைச் சொன்னா, பின்ன எதுக்கு இந்த மிஷின் வச்சேன்னு கேப்பாங்க. கோடெல்லாம் காட்டச் சொல்லுவாங்க. மிண்டாதே இரு."

மிண்டாமல், வாயே திறக்காமல் இருந்தேன். தேடப் போனவர்கள் அந்தப் புள்ளிக்குப் போய், சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினார்கள். ஸ்ராங்கின் மனைவி போனை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். புள்ளி அங்கேதான் நின்றது. "பிள்ளே, இது எதுக்குப் பொய் சொல்லுது?" என்று என்னிடம் கேட்டார். படகில் ஏழு பேர் இருந்தார்கள்.

மறுநாள் காலை, அப்பா எழுவதற்கு முன்னால், நான் லேப்டாப்போடு ஹார்பருக்குப் போனேன். பதினொரு கோடுகளையும் அதிகாரிக்குக் காட்டினேன்.

"சிவப்பு என்ன?"

"வலை இழுக்கிற இடம். இதுல ஏதாவது ஒண்ணுக்குப் பக்கத்துலதான் இருப்பாங்க."

ஸ்ராங்கின் மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். "இம்புட்டும் இதுக்குள்ள இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

இடங்களை எண்களாக எழுதி, ஹார்பர் படகுக்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். தெற்கே போகிற எல்லாப் படகும் வழியில் பார்த்துக்கொண்டு போகட்டும் என்று. வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. பத்து நிமிடத்தில் நாற்பது பேர் பார்த்திருந்தார்கள்.

அன்று பிற்பகல் ஒரு படகு அவர்களைக் கண்டுபிடித்துவிட்டது. கியர்பாக்ஸ் உடைந்து, மூன்றாவது கோட்டுக்குச் சற்றுத் தெற்கே மிதந்துகொண்டிருந்தார்கள். மறுநாள் அதே படகு அவர்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. ஏழு பேரும் உயிரோடு வந்தார்கள். உதடுகள் வெடித்திருந்தன. குடிதண்ணீர் தீர்ந்து, மீன் அறையின் ஐஸை உருக்கிக் குடித்திருந்தார்கள்.

இழுத்து வந்த படகின் மீன் அறை நிறைந்திருந்தது. ஸ்ராங்கு அந்தப் படகைக் காட்டி என்னிடம் சொன்னார், குரல் உயராமல்:

"கயிறு எறியதுக்கு மின்ன ரெண்டு வலை இழுத்தான் மக்களே. நான் கை காட்டுறேன், அவனும் கை காட்டுறான். எனக்க பாயிண்ட்ல. நாலு மணிக்கூர். நாங்க ஐஸ நக்கிட்டுப் பாத்துட்டே இருந்தோம்."

அந்தப் படகுக்காரன், அவர் ஊர்க்காரன்தான், மேலே நின்று மீன் கூடையை இறக்கிக்கொண்டிருந்தான். "அண்ணே, அந்தத் தோர்த்த இங்க எறியும். மீனுக்கு வேர்க்குது, தொடச்சு விடுதேன்," என்றான். ஹார்பரே சிரித்தது. எங்கள் படகிலிருந்து இறங்கிய ஆட்களில் இரண்டு பேர்கூட வெடித்த உதட்டோடு சிரித்தார்கள்.

ஸ்ராங்கு தோர்த்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எத்தன பேருக்கு அனுப்புன?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும்."

"செரி. உசிரு இருக்குல்லா," என்றார்.

வீட்டில் அப்பா என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "ஆளைக் கொண்டுவந்துட்டே, இடத்தைத் தொலைச்சுட்டே."

அந்த வாரம் ஸ்ராங்கை மாடிக்கு வரச் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை. "இனி உனக்கெதுக்கு ஸ்ராங்கு பங்கு? ஹார்பர்ல சாயா விக்கிறவனுக்கும் தெரியும் உன் பாயிண்ட். வேணும்னா வலை இழுக்கிற ஆளா வா."

"அத நான் விக்கல மொதலாளி," என்றார் அவர். என் பக்கம் திரும்பாமல் இறங்கிப் போனார்.

புது ஸ்ராங்கு வந்தான். சின்ன வயது, பழையவருக்குக் கொடுத்ததில் பாதிப் பங்கு. மற்ற ஆறு பேரும் பழைய ஆட்களே. பழையவருக்கு வேறு படகு கிடைக்கவில்லை. தன் பாயிண்ட் இல்லாத ஸ்ராங்கை யாரும் எடுப்பதில்லை. அவர் ஹார்பருக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் உட்கார்ந்து வலை தைக்கிறார். நான் செய்ய வேண்டியவை என்று எழுதி வைத்திருந்ததில், 'அவர் மனைவியின் லிங்கை எடுப்பது' கடைசியில் இருந்தது. தேடிய அன்று அவசரத்தில் அவருக்குக் கோடுகளும் தெரியும்படி திறந்துவிட்டிருந்தேன். அதை மூடுவதற்குள் பழைய ஸ்ராங்கு போன் செய்தார்.

"மக்களே, மூணாவது கோட்டுக்கு மேற்க ஒரு பழைய கப்பல் முங்கிக் கெடக்கு. நான் எப்பவும் சுத்தித்தான் போவேன். புதுப் பய ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா அங்கிட்டுத் தள்ளிப் போறான். கோட்டுல தெரியுது. வலை மாட்டுனா போட்டு கவுந்துரும். உள்ள நம்ம பயலுவ இருக்கானுவ."

கருவி அவர் போன இடங்களை எழுதியது. அவர் போகாமல் விட்ட இடங்களை எழுதவில்லை. நான் அதை யோசித்திருக்கவே இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். பல நாளுக்குப் பிறகு அவர் சிரித்தார். "லிங்கை எடுக்காதே. கூலியில்லாத ஸ்ராங்கு. பாக்கட்டும்."

போன மாதம் பழைய ஸ்ராங்கின் மனைவி போனில் பேசினார். "பிள்ளே, அத நிறுத்திரு. போட்டு கரைக்கு வார அன்னைக்கு அவிய சோத்துக்கு இருக்க மாட்டாவ. போனையே பாத்துட்டு, விரல வச்சு வச்சு அளந்துட்டு இருக்காவ. எனக்குப் பயமா இருக்கு."

"அது கம்பெனிக்காரங்க கையில இருக்கு அக்கா. என்னால முடியாது," என்றேன்.

என் போனில் அதற்கு இரண்டு தடவை தொட்டால் போதும்.

இப்போது புதிதாக ஒரு தாள் போட்டிருக்கிறேன். இடப்பக்கம் கோட்டின் எண். வலப்பக்கம் அதன் அருகே என்ன கிடக்கிறது: பாறை, கப்பல், யாரோ விட்டுப்போன நங்கூரம். படகு திரும்பிய மறுநாள் காலை, வலை தைக்க உட்காரும் முன் பழைய ஸ்ராங்கு கூப்பிடுவார். அவர் சொல்லச் சொல்ல, புது ஸ்ராங்கிடம் கொடுக்க எழுதிக்கொள்வேன்.

"எழுதிட்டியா மக்களே? திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொல்வேன். எண்ணில் ஒன்று தப்பாயிருந்தால் திருத்துவார்.