முகத்தின் இடது பக்கம்

கலியாண வீடுகளில் வீடியோ எடுப்பது எனக்கும் என் நண்பனுக்கும் சனி ஞாயிறு வேலை. மற்ற நாட்களில் அவன் பஸ் ஓட்டினான். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலைக்கு நின்றேன். ஹலோஜன் விளக்கின் சூட்டில் மணப்பெண்களின் முகப்பூச்சு வழிகிறதென்று, அவன் நீளமான ரியூப் லைற்றுகளை இரண்டு மரச்சட்டங்களில் வரிசையாகப் பூட்டி, முன்னால் மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தான். முகத்துக்கு இரு பக்கமும் அவற்றை நிறுத்தினால் நிழலே விழாது.

ஒரு மாசி மாதம் அந்தச் சட்டங்களைச் செத்தவீட்டுக்குக் கொண்டுபோனோம்.

இறந்தவர், நாங்கள் குடியேறியிருந்த குளிர்நாட்டின் புருசெத் பகுதியில், எங்கள் அடுக்குமாடி புளொக்கின் மேல்மாடியில் இருந்த மன்னார்க்காரர். விடியாத இருட்டில் வேலைக்கு இறங்கியவர், வாசல்படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி, இரும்புக் கைபிடியில் நெற்றி அடிபட விழுந்திருக்கிறார். ஒருவரும் காணவில்லை. பேப்பர் போட வந்தவர் கண்டபோது உடம்பு விறைத்துவிட்டது.

அவருடைய தாய் மன்னாரில். விசா கிடைக்கவில்லை.

"நித்திரையிலை போயிட்டார் எண்டுதான் மாமிக்குச் சொன்னனான்" என்றார் இறந்தவரின் மனைவி. "அவவுக்கு முகத்தைக் காட்ட வேணும். எடுத்துத் தாங்கோ அண்ணை."

ஆஸ்பத்திரி ஆட்களே கழுவி உடுத்தித்தான் அவரைச் சிற்றாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டியின் இரு பக்கமும் சட்டங்களை நிறுத்தி விளக்குகளைப் போட்டோம். இடது நெற்றியில் தையல் போட்ட காயம். மெழுகுதிரி வெளிச்சத்தில் தெரியாதது, மேலே அப்பியிருந்த பவுடரையும் மீறி இப்போது தெரிந்தது. நான் எடுக்கத் தொடங்கியிருந்தேன். மனைவி வந்து கமெராவின் சின்னத் திரையைப் பார்த்தார்.

"மாமி இதைக் கண்டா கேப்பா."

"இடப்பக்கத்து லைற்றை நிப்பாட்டினா அந்தப் பக்கம் இருண்டுபோகும்" என்று நண்பன் மெதுவாகச் சொன்னான். "நிப்பாட்டவோ?"

"ஓம். நிப்பாட்டுங்கோ."

அணைத்தான். பாதி முகம் இருட்டுக்குள் போயிற்று. பங்குச் சாமியார் செபம் சொல்லி முடிக்கும்வரை மற்றப் பாதியைத்தான் எடுத்தேன்.

சீடி மன்னாருக்குப் போன சில கிழமைகளின் பின், தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்த எங்களிடம் இறந்தவரின் மனைவி வந்தார்.

"மாமி போன் எடுத்தவ. மற்றப் பக்கத்தை ஏன் காட்டேல்லை, அங்கை என்ன இருக்கு எண்டு திரும்பத் திரும்பக் கேட்டா. என்னாலை ஏலாமப் போச்சு அண்ணை. நடந்ததைச் சொல்லிப்போட்டன்." கையுறையைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "இரண்டு லைற்றும் எரியேக்கை எடுத்தது இருக்கே? அதை அனுப்பட்டாம்."

இருந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நண்பன் அதைச் சீடியில் பதியும்போது நாங்கள் இருவரும் திரையைப் பார்க்கவில்லை.

பனி உருகிய பிறகு ஒருநாள் புளொக்கின் உடுப்புத் தோய்க்கும் அறையில் அந்த மனைவியைக் கண்டேன். மாமி பார்த்துவிட்டாரா என்று கேட்டேன்.

"பாத்தவ. பிறகு, பிள்ளையின்ரை காயத்தை ஆர் கழுவினது எண்டு கேட்டா."

மெஷினிலிருந்து ஈரத் துணிகளை எடுத்துக் கூடைக்குள் போட்டார்.

"நான்தான் கழுவினனான் எண்டு சொன்னன்."

நான் கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தேன். இருவருமாக அதைப் படியேற்றினோம்.