பல்லு டீச்சர்

விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைத்திருந்த அறையைக் கூட்டித் துடைத்து, பிள்ளைகளின் மனக்குறை கேட்பதற்காக ‘உளவளத்துணை அறை’ என்று பலகை மாட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மண்டூருக்குக் கிட்ட, வாவிக் கரையோரம் இருந்த எங்கள் ஆரம்பப் பாடசாலையில் அந்தப் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. அடிவாங்கும் அறையென்று பிள்ளைகள் ஓடினார்கள். மருந்து கொடுக்கும் இடமென்று பெற்றோர் காய்ச்சல்காரப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த அறைக்குப் பொறுப்பான டீச்சர் ஐம்பதைத் தாண்டியவர். மடிப்புக் குலையாத சேலை, அளந்த பேச்சு. காய்ச்சல் பிள்ளைக்கும் ஒரு கதை சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்.

அப்போது நான் படிப்பித்த இரண்டாம் வகுப்பில், வாவியில் மீன்பிடிப்பவர் ஒருவரின் மகள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். பெயர் கூப்பிட்டால் கையை உயர்த்துவாள், வாய் திறக்கமாட்டாள். “வீட்டில இவள்ர வாய் ஓயாது டீச்சர். இங்கதான் என்னத்தையோ கண்டு பயந்திருக்காள்” என்று தாய் அழுதார். கோயிலில் நூல் கட்டியும் பலனில்லை. “கதைக்காத புள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? மறிச்சிருவம்” என்று தகப்பன் நின்றார். அதிபரோ வேறு பாடசாலையின் விசேட பிரிவுக்கு மாற்றலாம் என்றார். டீச்சர்தான், “அவள என்னட்ட ஒருக்கா விடுங்க சேர்” என்று கேட்டார்.

பிள்ளை என் சேலையை விடாததால் நானும் அந்த அறைக்குள் போக வேண்டியதாயிற்று. டீச்சர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கச்சான் கடலை கொடுத்தார். அவள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைவாயால் மென்றாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்து, வாய்க்குள் விரலை விட்டு, தன் முன்பற்களை அப்படியே கழற்றி மேசையில் வைத்தார். அவருக்குக் கட்டுப்பல் என்று இத்தனை வருடம் கூட வேலை செய்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

“எனக்கும் இல்ல புள்ள.”

அவள் கண் விரியப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, நிலைமை அறிய அதிபர் கதவைத் திறந்தார். டீச்சர் பதறி எழுந்து, “வாங்க ஃபேர், உள்ளுக்கு வாங்க ஃபேர்” என்றார். அதிபர் மேசையிலிருந்த பற்களைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளை வெடித்துச் சிரித்தாள். வாயைப் பொத்திய கை தானாக விலகியது. மேலே முன்பல் இரண்டும் இல்லை. “டீச்சர், நீங்களும் ஃபேர் எண்டுதான் ஃபொல்றீங்க!” பிறகு எல்லாம் கொட்டிவிட்டாள். நான் லீவில் நின்ற ஒரு நாள், வாசிப்புப் பாடத்தில் ‘பஸ்’ என்பது ‘பஃப்’ என்று வந்து வகுப்பே சிரித்ததாம்.

மத்தியானத்துக்குள் பாடசாலை முழுக்க ‘பல்லு டீச்சர்’ என்ற பெயர் பரவியது. தகப்பன் நண்டோடு வந்து, “உங்களுக்குக் கடிக்க ஏலுமோ தெரியல்ல டீச்சர்” என்று வாசலில் நின்று தயங்கினார்.

இப்போது அந்த அறையில் பயிற்சி பெற்ற இளம் டீச்சர் இருக்கிறார்; சுவரெல்லாம் வண்ணப்படங்கள். ஓய்வுபெற்றவரை அண்மையில் சந்தித்தபோது, அந்தப் பட்டப்பெயர் வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

“வலிக்காம என்னகா? பல்லுப் போன நேரம் நானும் ஒரு மாசம் வீட்டுக்குள்ளேயே கிடந்தனான், ஒருத்தரோடயும் கதைக்கல்ல. என்னட்ட வந்து பல்லைக் கழற்றிக் காட்ட ஒருத்தரும் இருக்கல்ல.”