எங்கள் கூரைக்கு வந்த கூலியாள்

ராயக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூரையை உடைத்தது மழையும் அல்ல, காற்றும் அல்ல, அப்பாவின் பக்தி. பட்டாளத்தில் லாரி கவிழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தபோது தன் உயிரைக் காப்பாற்றியவர் ஆஞ்சநேயர்தான் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதற்கு நன்றியாகச் சனிக்கிழமைதோறும் ஒரு பிடி வேர்க்கடலையைக் கூரைமேல் வீசுவார். கோட்டை மலையிலிருந்து குரங்குகள் குடும்பம் குடும்பமாக இறங்கி வரும். கடலை ஓட்டின் இடுக்குகளில் போய் விழுந்திருக்கும். குரங்குகள் ஓடுகளைப் புரட்டிப் போட்டுத் தேடும். எங்களுடையது நாட்டு ஓடு, நீளவாக்கில் பிளந்த குழாயைப் போல வளைந்த மெல்லிய மண் ஓடு. குட்டியைச் சுமந்த ஒரு தாய்க்குரங்கு குதித்தால் நான்கு ஓடு போகும்.

"உங்க சாமி ஒரு பிடி கடலைக்குப் பத்து ஓடு கேக்குது. நமக்குக் கட்டுப்படி ஆவலீங்க" என்பாள் அம்மா.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொள்வார். அடுத்த சனிக்கிழமையும் கடலை வீசுவார்.

அவருக்கு மாதாமாதம் பட்டாளத்துப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. நான் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு முதல் வகுப்புக்குப் போன காலத்தில் தபால்காரர் எண்ணிக் கொடுத்த தொகை எதுவோ, நான் ஏழாம் வகுப்புக்கு வந்தபோதும் அதுவேதான். அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. கடைக்குப் போனவர்கள் அரிசி விலையைக் கேட்டுவிட்டுக் கேழ்வரகு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அரிசிக்குப் பின்னாலேயே மூங்கில், சுண்ணாம்பு, ஆணி, ஓடு எல்லாம் ஏறின. பென்ஷன் மட்டும் அப்பாவைப் போலவே ஏற முடியாமல் உட்கார்ந்திருந்தது.

போன வருஷத்து மழையில் பின்பக்கச் சுவர் ஊறி, வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. மண்சுவர். இன்னொரு மழையைக் குடித்தால் உட்கார்ந்துவிடும். அது உட்கார்ந்தால் கூரையும் கூடவே வந்துவிடும். புரட்டாசி பிறந்து, மதியத்துக்கு மேல் மலைக்குப் பின்னால் மேகம் கூடத் தொடங்கியதும் அப்பா ஓடு மாற்றும் ஆளைக் கூட்டி வந்தார்.

அவர் தெலுங்கு பேசுகிறவர். கூரையைச் சுற்றி வந்து, உடைந்தவற்றைத் தெலுங்கில் எண்ணி, விலையைத் தமிழில் சொன்னார். தெலுங்கில் சின்னதாக இருக்கும் தொகை தமிழுக்கு வருவதற்குள் பெருத்துவிடுகிறது என்பது அப்பாவின் நெடுநாள் சந்தேகம்.

"போன வருசம் இதுல பாதிதானே கேட்ட?"

"போன வருசம் அரிசியும் பாதி வெலதானே அய்யா? எங்க வீட்டுல அஞ்சு பேரு. பாதி வயித்துக்குச் சாப்புடுங்கடான்னா கேக்க மாட்டேங்கறாங்க."

ஓட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "மழைக்கு முன்னால மூடிருங்க அக்கா, செவுரு தாங்காது" என்று எச்சரித்துவிட்டுத்தான் போனார்.

அன்று சாயங்காலம் களி தின்னும்போது அப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏமே, பொண்ண இந்த வருசத்தோட நிறுத்திக்கலாமா? பெரிய தோட்டத்துல கத்திரிக்கா பறிக்க ஆளு கேக்கறாங்க. ரெண்டு மாசம் போனா ஓட்டுக்காரன் கூலி வந்துரும். அப்புறமா வேணும்னா படிக்கட்டும்."

அப்புறம் என்ற சொல்லை நம்பிப் பள்ளியைவிட்டு நின்றவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருந்தார்கள். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும்; அதுவும் பட்டாளம் சொல்லிக் கொடுத்தது. அம்மாவுக்கு அதுவும் இல்லை. இரண்டு பேருடைய வம்சத்திலும் ஏழாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்த முதல் ஆள் நான். இன்று ஓசூரில் ஒரு கம்பெனி ஆபீசில் டைப் அடிக்கிறேன். மேனேஜருக்கே ஸ்பெல்லிங்கில் சந்தேகம் வந்தால் என் மேஜைக்குத்தான் வருகிறார். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. அன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நான் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடப்பேன். கொஞ்சம் அதிகமாகவே நிமிர்த்தியிருந்தேன் என்பது பின்னால் தெரியவரும்.

அம்மா தின்று முடித்தாள். கை கழுவிக்கொண்டே கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"நாளைக்கு நானே ஏர்றேன்."

"எங்க?"

"மேல."

அப்பாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "பொம்பள கூரமேல ஏறுனா தெருவே நின்னு வேடிக்க பாக்கும்மே!"

"பாக்கட்டுமே. மழ பெஞ்சா இந்தத் தெருவா வந்து ஒழுகற எடத்துல சட்டி வெக்கப் போவுது?"

மறுநாள் காலையில் சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மேலே அப்பாவின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டை இறுக்கிக்கொண்டு அம்மா ஏணியில் ஏறினாள். அப்பா கீழே முக்காலியில் உட்கார்ந்து, கைத்தடியை நீட்டிக் கட்டளை போட்டார். பட்டாளத்தில் அவருக்குக் கட்டளையிடும் பதவி கிடைத்ததில்லை. அந்தக் குறையெல்லாம் அந்த இரண்டு நாளில் தீர்ந்தது.

"எடது கால மரத்துமேல வை! ஓட்டுமேல வெக்காத!"

"வெச்சாச்சுங்க."

"வலது கால!"

"அதையும் வெச்சாச்சு. எனக்கு ரெண்டு காலுதாங்க."

வரிசை வரிசையாக ஓட்டை எடுத்து, தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்து, உடைந்ததைத் தள்ளி, நல்லதைத் திரும்ப அடுக்கினாள். வாசல்பக்கத் தாழ்வாரத்தை முழுக்கப் பிரித்து, அந்த ஓடுகளை நடுவீட்டுக்கு ஏற்றினாள். தாழ்வாரத்துக்குக் கேழ்வரகுத் தாள் வேய்ந்தால் போதும் என்றாள். சனிக்கிழமைக் கடலைக்கும் உத்தரவு பிறந்தது: இனிமேல் அப்பா அதை மலையடிவாரத்துக்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். தெரு வேடிக்கை பார்க்கத்தான் செய்தது. அம்மா ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இவ்வளவு செய்தும் பின்சுவருக்கு மேலே ஒரு கட்டில் அகலத்துக்கு வானம் தெரிந்தது. அறுபது ஓடு குறைந்தது. வாங்கப் பணம் இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் டீச்சரோடு வந்துகொண்டிருந்தேன். எங்கள் டீச்சர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வகுப்பு நோட்டுகளை அவர் வீடுவரை சுமந்து போகும் பாக்கியம் அந்த வாரம் எனக்கு. வழக்கமாக அவர் அடுத்த தெரு வழியாகப் போவார். அன்று சீமெண்ணெய் வந்திருக்கிறதா என்று கேட்க எங்கள் தெருக் கடைக்கு வந்தார். நான் எவ்வளவோ வேகமாக நடந்து பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏ பிள்ள, இது உங்க வீடுதான? மேல நிக்கது யாரு?"

மேலே தார்ப்பாய்ச்சிய சேலையும் காக்கிச் சட்டையும் முகமெல்லாம் கரியும் தூசியுமாக ஓர் உருவம், வாயில் ஒரு கயிற்றுத் துண்டைக் கவ்விக்கொண்டு நின்றது. பெற்றோர் யாரும் பள்ளிக்கு வருகிற வழக்கம் அப்போது இல்லை. டீச்சர் என் அம்மாவைப் பார்த்ததே கிடையாது.

"கூலிக்கு வந்தவங்க டீச்சர்" என்றேன்.

அப்பாவின் கைத்தடி கீழே விழுந்தது. டீச்சர் நேராகக் கூரையைப் பார்த்தே கூப்பிட்டார்.

"யம்மா, எங்க வீட்டு ஓட்டயும் வந்து மாத்திக் குடுக்கியா? ஒரு மாசமா ஆளுக்குச் சொல்லிட்டே இருக்கேன், ஒருத்தனும் வரல. போன வருசம் மழைல கட்டில அங்கயும் இங்கயும் இழுத்தே இடுப்பு போச்சு."

அம்மா கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் நோட்டுக் கட்டுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"வர்றேங்க. சனிக்கெழம வர்றேன். அஞ்சு ரூவா கூலி."

"அஞ்சா? பொம்பள ஆளுக்கு அம்புட்டா?"

"ஆம்பள வந்து மாத்துனாலும் அதே ஓடுதானுங்க."

டீச்சர் சிரித்துவிட்டார். "சரி, வா. வெள்ளனயே வந்துரு."

அன்று வீட்டுக்குள் போக எனக்குக் கால் வரவில்லை. அப்பா முகம் சிவந்து கத்தினார். "பெத்தவளக் கூலிக்காரிங்குது! இதுக்குத்தான் படிக்க வெச்சமா?" அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "அது சொன்னதுல என்ன தப்பு? அஞ்சு ரூவா வாங்கப் போறேன், அப்ப நான் கூலி ஆளுதானே?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க டீச்சரு ஊட்டுல ஏணி இருக்குதா?" என்று கேட்டாள். நான் அடி வாங்கத் தயாராக இருந்தேன். இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. தெரியாது என்று தலையாட்டினேன். "சனிக்கெழம நீயும் வா. ஓடு எடுத்துக் குடுக்க ஒரு ஆளு வேணும்." தண்டனை இதுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

சனிக்கிழமை அப்பா கடலைப் பொட்டலத்தோடு மலையைப் பார்த்து நொண்டிக்கொண்டு போக, நாங்கள் டீச்சர் வீட்டுக்குப் போனோம். அம்மாவுக்குப் பத்தடி முன்னால் நான் நடந்தேன்.

"நீ எதுக்கு பிள்ள வந்த?" என்றார் டீச்சர்.

"வழி காட்ட வந்தேன் டீச்சர்."

"கெட்டிக்காரி. வந்தது வந்துட்ட, அந்தம்மாவுக்கு ஓடு எடுத்துக் குடு."

இரண்டு அறை வீடு. ஏணி இருந்தது. எங்கள் கூரையில் இரண்டு நாள் பழகிய கை, இங்கே நிற்காமல் ஓடியது. டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். நான் ஓட்டை மேலே நீட்டுவேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறிய சமயத்தில் மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க டீச்சரு, அந்த ஊட்டுப் பொண்ணு, இது, நல்லாப் படிக்குதுங்களா?"

நான் அடுத்த ஓட்டை அவசரமாக மேலே நீட்டினேன்.

"இவளா? கணக்குல இவதான் மொத மார்க்கு. இங்கிலீஷும் நல்லா வருது. நீ அந்த வீட்டுக்குப் போனா அவ அம்மைட்ட சொல்லு, இவளப் பாதில நிறுத்திராண்டாம்னு. நிறுத்துனா நானே வந்து சண்ட போடுவேன்."

"என்னங்க? காதுல விழலீங்க" என்றாள் அம்மா.

டீச்சர் குடையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி மறுபடியும் சொன்னார். கணக்கு, மொத மார்க்கு, இங்கிலீஷ், நிறுத்திராண்டாம், எல்லாவற்றையும். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் குட்டு உடைந்துவிடும். அதைத் தவிர அப்போது எனக்கு உலகத்தில் வேறு கவலை இல்லை. நான் பெரிய சத்தத்தோடு ஓடுகளை அடுக்கினேன். அதுவும் பலிக்கவில்லை. மதியத்துக்குப் பிறகு முகட்டின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, தலைகூடத் தெரியாத இடத்திலிருந்து அம்மா மூன்றாம் முறையாகக் கேட்டாள்.

"எத்தினியாவது மார்க்குன்னு சொன்னீங்க?"

"மொத மார்க்கு! மொத மார்க்கு!" என்று கத்திய டீச்சர், என்னிடம் குனிந்து, "பாவம், அந்தம்மாவுக்குக் காது மந்தம் போல" என்றார்.

நான் அவசரமாக ஆமாம் என்றேன். ஓட்டைத் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் காதில் தூசி அடைத்துக்கொண்டது என்று உண்மையாகவே நம்பினேன்.

ஐந்து ரூபாயை வாங்கி முடிந்துகொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே அம்மா என்னை நேராகக் குயவர் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அந்தப் பணத்துக்கு அறுபது ஓடு வந்தது. திங்கட்கிழமைக்குள் அவை கூரை ஏறின, வியாழக்கிழமை மழை இரவெல்லாம் கொட்டியது, பின்சுவர் நனையவில்லை. கத்திரிக்காய்த் தோட்டத்தைப் பற்றி அப்பா அதற்குப் பிறகு பேசவே இல்லை. ஊரில் அம்மாவை ஓடு மாற்றக் கூப்பிடத் தொடங்கினார்கள். நான் பதினொன்றாவது முடிக்கும்வரை வருஷாவருஷம் புரட்டாசியில் அந்தக் காக்கிச் சட்டை கொடியிலிருந்து இறங்கியது.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு இவை ஒன்றும் தெரியாது. சூளைக்குப் பக்கத்தில் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஓடாக எடுத்து, விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஓசை மாறுமாம். எனக்கு எல்லா ஓடும் ஒரே மாதிரித்தான் கேட்டது. அம்மா ஒன்பது ஓட்டைத் தள்ளிவைத்துவிட்டாள்.

"கீறவே இல்ல தாயி, புது ஓடு!" என்றார் குயவர்.

"இன்னொரு வாட்டி தட்டிக் கேளுங்க" என்றாள் அம்மா.

அவர் தட்டிக் கேட்டார். மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். காலையிலிருந்து அடைத்திருந்த காது எப்போது திறந்துகொண்டது என்று யோசித்துக்கொண்டே, நான் அடுத்த ஓட்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன்.