ஜாபேஸ் அண்ணனின் மிஸ்ட் ரூல்

கெஸியா அக்கா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட அந்தப் படத்தைப் பார்த்ததும் ஜாபேஸ் அண்ணன் எனக்கு போன் செய்தார். ஹலோ கூடச் சொல்லவில்லை.

“ஈவ்லின், இவ நம்ம டேபிள்ல என்னிக்காச்சும் இப்பிடிச் சிரிச்சிருக்காளா?”

படத்தில் கெஸியா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எங்களோடு விளையாடும் கிருத்திக். எதிரில் கையில் டைஸோடு மனிஷா. ஊட்டியில் மனிஷாவின் வீடு அது.

“சிரிச்சிருக்காங்கண்ணா.”

“எப்போ?”

எனக்குச் சட்டென்று எதுவும் ஞாபகம் வரவில்லை. நான் யோசித்த அந்த நேரம் போதும் அவருக்கு. போனை வைத்துவிட்டார்.

ஜாபேஸ் அண்ணன் குன்னூரில் ஒரு டீ புரோக்கர் ஆபீஸில் கிளார்க். ஏலத்துக்குப் போகிற தேயிலையின் எஸ்டேட் பெயர், தரம், எத்தனை மூட்டை என்று டைப் அடிப்பதுதான் வாரம் முழுக்க வேலை. ஆபீஸில் அவர் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லையாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சண்டே ஸ்கூல் அறை காலியானதும் அங்கே இருக்கிற குட்டை பெஞ்சில் வந்து உட்காருவார் பாருங்கள், வேறு ஆள்!

அங்கே எங்கள் குழு, அதாவது எங்கள் ‘டேபிள்’, விளையாடுவது ரோல் பிளேயிங் கேம்; அது கம்ப்யூட்டர் விளையாட்டு என்று பலருக்கும் நினைப்பு. இதற்குக் கரண்ட்டே வேண்டாம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடப்போம். “முன்னால ரோடு சரிஞ்சு கெடக்கு. என்ன பண்றீங்க?” என்பார். தாண்டுகிறேன் என்றால் டைஸை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் தாண்டிவிடலாம், சின்ன எண் விழுந்தால் பள்ளத்தில்தான். நடுவில் விழுந்தால்தான் ருசி: தாண்டிவிடலாம், ஆனால் வேறு ஏதாவது வம்பு வரும். அவ்வளவுதான் ரூல்.

நெட்டில் இலவசமாகக் கிடைத்த ஒரே ஒரு இங்கிலீஷ் பக்கம் அது. அதிலிருந்த டிராகனைப் பேனாவால் அடித்துவிட்டு, தனியாகச் சுற்றும் காட்டுமாட்டைப் போட்டவர் ஜாபேஸ் அண்ணன். கோட்டை போய் மூடிக் கிடக்கும் டீ ஃபாக்டரி வந்தது. மந்திரவாதி போய், பேக்கரிக்குள் புகுந்து பன் தின்கிற கரடி வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே மிஸ்ட் ரூல். மலையில் இறங்கும் மூடுபனியை நாங்கள் மிஸ்ட் என்றுதான் சொல்வோம். எங்கள் ஜன்னலுக்கு வெளியே நிஜமாகவே மிஸ்ட் இறங்கி எதிர்ச்சரிவு மறைந்தால், கதைக்குள்ளும் மறைந்துவிடும். அப்போது தனியாக மாட்டிக்கொண்ட பாத்திரத்தை இன்னொரு பாத்திரம் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவரும் பதில் குரல் கொடுக்க வேண்டும். மிஸ்ட் விலகுவதற்குள் இது நடக்காவிட்டால் ஆள் போனது போனதுதான், திரும்பி வரவே முடியாது. எஸ்டேட் பாதையில் எங்கள் ஜனங்கள் அப்படித்தானே நடப்பார்கள், ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே! அதை எடுத்து விளையாட்டுக்குள் வைக்க ஒரு மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கிறது.

மனிஷா இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலைக்காகக் கோயமுத்தூரிலிருந்து ஊட்டிக்கு வந்தவள். சில வாரம் எங்களோடு விளையாடினாள். பிறகு சனிக்கிழமைகளில் தன் வீட்டிலேயே ஒரு டேபிள் ஆரம்பித்துவிட்டாள். முதலில் கிருத்திக் போனான். அப்புறம் கெஸியா அக்கா. அவர் ஸ்கூல் டீச்சர். ஜாபேஸ் அண்ணனோடு சின்ன வயதிலிருந்து ஒரே சர்ச். எங்கள் டேபிளின் உயிரே அவர்தான். அந்தப் படம் வந்த மறுநாள் ஞாயிறு, இருவருமே எங்கள் டேபிளுக்கு வரவில்லை. நானும் அண்ணனும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். கெஸியா அக்கா திரும்பி வராவிட்டால் எங்கள் டேபிள் முடிந்தது. எனக்கே அது தெரிந்தபோது அண்ணனுக்குத் தெரியாதா?

“என்ற மிஸ்ட் ரூலையே வெச்சு மனிஷா வெளையாடறாளாமா?” என்று கேட்டார்.

“ஆமாங்கண்ணா. ஆனா ‘இது குன்னூர் ஜாபேஸ் அண்ணன் ரூல்’னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கறாங்களாம்.”

அது அவரை இன்னும் எரித்தது. திருடியிருந்தால் சண்டைக்காவது போகலாம். பேர் சொல்லி எடுத்தவளை என்ன செய்வது?

“வர்ற சனிக்கெழமை நாமளும் போறோம். அப்பிடி என்னதான் பண்றான்னு பாக்கோணும்.”

போனோம். மனிஷா வாசலுக்கே ஓடி வந்தாள்.

“வாங்கண்ணா! ஊடு கண்டுபுடிக்கச் சிரமமாப் போச்சுங்களா?”

“ஊட்டைக் கண்டுபுடிச்சுட்டேனுங்க. எங்க ஆளுங்களத்தான் தேடிட்டு வந்தேன்.”

“வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத ஜாபேஸ். உக்காரு,” என்றார் உள்ளேயிருந்து கெஸியா அக்கா.

கதை கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு மூடிப்போன ஃபாக்டரியில் ஆரம்பித்தது. புதிதாக வந்தவர்கள் பாத்திரம் சொல்ல வேண்டும்.

“பேரு வில்லியம். ரிட்டயர் ஆன கணக்கப்பிள்ளை,” என்றார் அண்ணன்.

“அவருக்கு என்னங்கண்ணா வேணும்?” என்று மனிஷா கேட்டாள்.

“மத்தவங்க கையில இருக்கறது எல்லாம்.”

கிருத்திக் என் காதில், “கெளம்பிட்டாருடி,” என்றான்.

கதையைக் கவிழ்த்துவிடவே வந்திருந்தார் அவர். கதைக்குள் என் ஜீப் சாவியைத் திருடினார். டைஸில் நடு எண் விழுந்தது. மனிஷா முகம் சுளிக்கவில்லை. “ஆகட்டுங்க. ஆனா ஜீப்புக்குள்ள ஏற்கெனவே ஒரு கரடி உக்காந்து ஹாரன் அடிச்சுட்டிருக்கு,” என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிருத்திக்கின் கயிற்றைத் திருடினார். அதற்கும் ஒரு “ஆகட்டுங்க, ஆனா.” மறுபடியும் சிரிப்பு. அவர் எதைப் போட்டு உடைத்தாலும் அது கதைக்கு அழகாகிப் போனது. கரடி அவருடைய கரடி, சிரிப்பு மட்டும் மனிஷாவுக்கு! அவர் தாடை இறுகுவதை நான் பார்த்தேன்.

கடைசியில் கெஸியா அக்காவின் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு வில்லியம் மாடிக்குத் தனியாக ஓடினார். கிருத்திக் ஜன்னலைக் காட்டிக் கத்தினான்.

“கற்பூர மரத்தக் காணோம்!”

மிஸ்ட் இறங்கிவிட்டது. எதிரே நின்ற யூகலிப்டஸ் ஒன்றுகூடத் தெரியவில்லை. வில்லியம் தனியாக இருக்கிறார். அவருடைய ரூல், அவர் தலையிலேயே.

“என்ற கயித்தத் திருடுனாரல்ல, நான் கூப்பிட மாட்டேன்,” என்றான் கிருத்திக். நான் ஜீப்புக்கு வெளியே கரடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் குரல் மாடிக்கு எட்டாது. கெஸியா அக்கா மட்டும்தான் மிச்சம்.

“வில்லியம்!” என்று கூப்பிட்டார்.

அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

“வில்லியம்! கொரல் குடுக்கறயா, இல்ல அப்பிடியே போறயா?”

வெளியே ஒரு கிளை லேசாகத் தெரிய ஆரம்பித்தது. மிஸ்ட் விலகத் தொடங்கிவிட்டது. விளையாட்டுதான், தெரியும். ஆனால் இப்போது வாய் திறக்காவிட்டால் இந்த மனிதர் இனி எந்த டேபிளுக்கும் வர மாட்டார் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“டேய், உன்னத்தான். டார்ச்ச நீயே வெச்சுக்கோ. கொரல் குடு,” என்றார் கெஸியா அக்கா. இந்தத் தடவை வில்லியம் என்று சொல்லவில்லை.

“இங்கதான் இருக்கேன்,” என்றார் அண்ணன். உடனே, “டார்ச்ச தர மாட்டேன்,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

“ஆகட்டுங்க,” என்றாள் மனிஷா. “ஆனா இனிமே அது கெஸியாக்கா பேரச் சொன்னாத்தான் எரியும்.”

வீடே சிரிப்பில் அதிர்ந்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பசித்தவன் பக்கத்து இலையைப் பார்ப்பதுபோல் மனிஷாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது நானும் அண்ணனும் கெஸியா அக்காவும் ஒரே பஸ்ஸில் வந்தோம். “டார்ச்சுக்கு அந்த ‘ஆனா’ எனக்கு ஏன் தோணல?” என்று அண்ணன் ஜன்னலிடம் கேட்டுக்கொண்டே வந்தார். அப்புறம் கெஸியா அக்கா உட்கார்ந்திருந்த முன் சீட்டின் பக்கம் குனிந்தார்.

“அவ நல்லாச் சொல்றான்னுதான கெஸியா அங்க போற?”

“நல்லாத்தான் சொல்றா. அதுக்காகப் போகல. அடுத்த வாரம் அங்க நான் சொல்றேன்.”

“நீயா? கதையா?” அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எங்கிட்ட நீ கேட்டதே இல்லியே!”

“கிறிஸ்துமஸுக்கு முன்னாடி கேட்டேன். மொதல்ல ரூல் மனப்பாடம் ஆகட்டும்னே. ஈஸ்டர் முடிஞ்சு கேட்டேன். காட்டுமாட்டுக்குப் புதுசா ரூல் எழுதிட்டிருக்கேன், பொறுன்னே. அந்த இங்கிலீஷ் பக்கத்துல கதை சொல்றவங்க மாறி மாறி வரோணும்னு இருந்துச்சு. டிராகன அடிக்கறப்ப அதையும் சேத்து அடிச்சுட்ட. ஏன்டா, கதை சொல்ற எடம் உங்க பாட்டன் சொத்தா?”

 பஸ் அருவங்காடு தாண்டும்வரை அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். 

“அங்க சொல்லாத,” என்றார் திடீரென்று.

“ஏனாம்?”

“மொதத் தடவ சொல்றயல்ல? நம்ம டேபிள்லதான் சொல்லோணும். நாளைக்கே சொல்லு.”

இது பெருந்தன்மை என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். இல்லை. கெஸியா அக்காவின் முதல் கதை மனிஷா வீட்டில் பிறப்பதை அவரால் தாங்க முடியவில்லை. சுத்தமான பொறாமை. ஆனாலும் அந்தப் பொறாமையின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது.

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். மனிஷாவும் ஊட்டியிலிருந்து வந்தாள். கெஸியா அக்கா கதை சொல்ல, ஜாபேஸ் அண்ணன் எங்களோடு வரிசையில் உட்கார்ந்தார். அப்படி உட்கார அவருக்குத் தெரியவே இல்லை.

“அந்த வளைவுல லாரி வராது கெஸியா,” என்றார்.

“பிளேயரு, உங்க முறை வரும்போது பேசுங்க.”

“இல்ல, நான் என்ன சொல்றேன்னா...”

“ஜாபேஸ்!”

வாயை மூடிக்கொண்டார். கதையில் ஒரு ஸ்கூல் பஸ் பிரேக் பிடிக்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் ஆளே இல்லை. மனிஷா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் என் பக்கம் சாய்ந்தார்.

“நல்லாச் சொல்றாளா?”

“நல்லாச் சொல்றாங்கண்ணா.”

“மனிஷாவ விடவா?”

“இன்னிக்கு மனிஷாவ விட நல்லா.”

முகம் அப்படியே மலர்ந்தது. பிறகு மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில், “என்ன விடவா?” என்றார்.

“உங்க முறைங்கண்ணா,” என்று டைஸை அவர் கையில் வைத்தேன். “உருட்டுங்க.”