நனைந்த மோட்டார் சைக்கிளும் என் வீம்பும்

நான் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர். பக்கத்து வீட்டு ரவி மோட்டார் சைக்கிள் திருத்துபவன். வேலியை எங்கள் பக்கம் அரை முழம் தள்ளி அடைத்துவிட்டான் என்று ஆறு வருடமாக அவனுடன் நான் கதைப்பதில்லை.

மூன்று நாள் மழை ஓய்ந்த ஒரு காலையில் என் மனைவிக்கு மூச்சிழுப்பு வந்தது. ஓட்டோ எதுவும் அகப்படவில்லை. முற்றத்தில் நனைந்து நின்ற மோட்டார் சைக்கிளை உதைத்தேன், இயங்கவில்லை. பெற்றோலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, அடியிலிருந்து கொஞ்சம் வடித்துவிட்டு மறுபடியும் உதைத்தேன்.

"இஞ்சருங்கோ, ரவியைக் கூப்பிடுங்கோவன்," என்றாள்.

"உவன்ரை காலிலை விழச் சொல்லுறியோ?"

அரை மணி நேரம் போனது. அவளுடைய உதடுகள் நீலம் பாரித்தன. திடீரென்று எழுந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு, இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, "தம்பி ரவி!" என்று கத்தினாள்.

ரவி வேலி ஓலையைப் பிரித்துக்கொண்டு வந்தான். எஞ்சினில் பொறி தரும் பிளக்கின் மூடியைக் கழற்றிக் கவிழ்த்தான். தண்ணீர் வழிந்தது.

"மாஸ்ரர், இதுக்குள்ளை தண்ணி நிண்டால் பொறி எப்பிடி வரும்? பெற்றோலிலை ஒரு பிழையுமில்லை."

உடுத்திருந்த சாரத்தால் துடைத்து மாட்டினான். இரண்டாவது உதையில் இயங்கியது.

"ஆஸ்பத்திரிக்கு இதை நான் ஓடுறன். நீங்கள் பின்னாலை இருந்து அக்காவைப் பிடியுங்கோ."

அவள் பிழைத்துவிட்டாள். அன்றைய பேச்சை அவள் எடுத்ததேயில்லை. நான் கூப்பிட்டிருக்க வேண்டிய பெயரை, மூச்சுக்குத் தவித்தவளைக் கொண்டு கூப்பிட வைத்தேன். என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.