ரோஸ் குஞ்சும் பழுப்புப் பருந்தும்

கோரைப்பாய்க்கு ஏற்றும் சாயத்துக்குத் தனி வாடை உண்டு. வெந்நீரில் கரைத்ததும் ஈர இரும்பைப் போல மூக்கில் ஏறும், விரலில் பட்டால் நகக்கண்ணை விட்டுப் போக நாளாகும். சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுப் "பொறவாசலில்" அம்மா அந்த ரோஸ் சாயத்தைச் சட்டியில் கரைத்து, ஆறவிட்டு, பொரித்து இரண்டொரு நாளே ஆன கோழிக்குஞ்சுகளை ஒவ்வொன்றாக அதில் முக்கி, தலையையும் விடாமல் தடவி, வெயிலில் விட்டாள். நிறம் மாறிய குஞ்சைப் பருந்து இரையென்று எண்ணாது என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. காய்ந்து முடித்தபோது மண்தரை முழுக்க அரளிப்பூ உதிர்ந்து, அந்தப் பூக்கள் எழுந்து ஓடுவதுபோல் இருந்தது.

அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது.

"ஏட்டி, பொட்டுக் குஞ்சு எங்கட்டி?"

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்து, தேறினான். பிள்ளை பிழைத்தால் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சேவல் கொண்டுவருவதாக அம்மா சுடலைமாடனுக்கு நேர்ந்திருந்தாள். இந்த முறை அடைவைத்த ஈட்டில் தலையில் மிளகளவு கறுப்புப் பொட்டுடன் ஒரு குஞ்சு பொரிந்ததும், இதுதான் சாமிக்கு என்று சொல்லி விபூதியும் பூசிவிட்டாள். இப்போது பொட்டும் தெரியவில்லை, விபூதியும் தெரியவில்லை. நானும் அவளும் குஞ்சுகளைப் பிடித்துப் பிடித்துத் தலையைப் புரட்டிப் பார்த்தோம். எல்லாத் தலையும் ஒரே ரோஸ்.

எங்கள் பின்சுவரைத் தாண்டினால் கால்வாய். அதன் கரையில் மருதமரம். மரத்தின் உச்சிக் கவட்டில் சுள்ளிக்கூடு ஒன்று. கூட்டுக்கு வந்துபோன பறவைக்குத் தலையும் மார்பும் வெள்ளை, உடம்பு செங்கல் நிறம். அது கருடன் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அடுத்த வீட்டிலிருந்த அத்தை, அப்பாவின் தங்கை, பெருமாளுக்குச் சனிக்கிழமை விரதம் இருப்பவள். அது தலைக்குமேல் வட்டமிட்டால் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அதே வானத்தில் உடம்பெல்லாம் பழுப்பான பருந்துகளும் பறந்தன. அவை "கள்ளப் பருந்து", அவற்றுக்குக் கல்தான். நான் துவைக்கிற கல்லில் மல்லாந்து படுத்து இது கும்பிட வேண்டியதா, விரட்ட வேண்டியதா என்று பிரித்துப் பார்ப்பேன். உச்சி வெயிலில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரிந்தன. தாய்க்கோழியும் எனக்கு உதவவில்லை; அது கொக்கு பறந்தாலும் கத்தியது.

ஒருநாள் முற்பகல் கோழி கத்தியது. தரையில் ஒரு நிழல் ஓடியது. கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. நான் சுவரேறிப் பார்த்தேன். மருதமரத்தில், கூட்டுக்குக் கீழ்க்கிளையில், ஒரு பழுப்புப் பருந்து உட்கார்ந்து எதையோ கொத்திக்கொண்டிருந்தது. அதன் காலடியில் ரோஸ் நிறம். ஒரு முழம் தள்ளி அதே கிளையில் கருடன், தலையைச் சாய்த்து, சும்மா இருந்தது. எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. தின்றதை மட்டும் நான் பார்த்தேன்.

பார்த்ததைச் சொன்னதும் குழப்பம் கூடியது.

"கருடன் குஞ்சு தூக்குமா? கள்ளப் பருந்துதான் தூக்கியிருக்கு, மைனி. அத அடிக்கத்தான் கருடன் வந்து ஒக்காந்திருக்கு" என்றாள் அத்தை.

"அடிக்க வந்தது பந்திக்கு வந்த மாதிரி பக்கத்துல ஒக்காந்திருக்குமோ? ஒங்க பெருமாளு வண்டிக்கு எங்க சொடலை குஞ்சுதான் கெடச்சுதா?" என்றாள் அம்மா.

"வாயக் கழுவுங்க, மைனி!"

அரிசி ஆலையிலிருந்து தவிடு படிந்த தலையோடு சாப்பிட வந்த அப்பாவிடம், மரத்தில் ஏறிக் கூட்டைப் பிரித்துப் போடும்படி அம்மா சொன்னாள். பிரித்தால் இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள் அத்தை. அப்பா அண்ணாந்து பார்த்தார்.

"ஒருத்தி சாமிங்கா, ஒருத்தி களவாணிங்கா. மொதல்ல ரெண்டு பேரும் பேசி முடிங்க. நான் பைய ஏறுதேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். கடைசிவரை ஏறவில்லை.

ஆனால் அம்மாவின் கவலை கூட்டைப் பற்றியதல்ல. போனது பொட்டுக் குஞ்சாக இருந்தால்? அன்றிரவு அவள் விளக்கைத் தூக்கிப் பிடித்துத் தம்பியின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். பள்ளிக்கூடம் போகுமுன் அவன் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. அவன் "சுடலன்னு சொல்லுதேம்லா, விடும்மா" என்று நெளிவான்.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்தபோது சாயம் போயிற்று. கூடவே குஞ்சுத்தூவியும் போயிற்று. பொட்டு இருந்த தலை எது என்று இனி எவராலும் சொல்ல முடியாது. மிஞ்சியவற்றில் மூன்று சேவல்கள். கொடையன்று அம்மா மூன்றையும் கட்டித் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்தின்முன் வைத்தாள்.

"எய்யா, ஒன்னுது எது, என்னுது எதுன்னு எனக்குத் தெரியல. மூணையும் எடுத்துக்கோ. இதுல இல்லன்னா என்னைக் கேளு. பிள்ளைய கேக்காத."

தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பல வருடம் கழித்து, நான் சேர்ந்த பத்திரிகை வேலையில், பறவைகள் பற்றிய ஒரு கட்டுரையைத் திருத்தும்போதுதான், கருடனின் குஞ்சும் முதலில் பழுப்பாகத்தான் இருக்கும், வளர்ந்த பிறகே வெள்ளையும் செங்கல் நிறமும் வரும் என்று அறிந்தேன். அப்படியானால் எங்கள் தெரு தாயைக் கும்பிட்டுப் பிள்ளையைக் கல்லால் அடித்திருக்கிறது. அல்லது நான் கண்டது மெய்யாகவே கள்ளப் பருந்துதானோ? அதற்கும் வழி இருக்கிறது: கள்ளப் பருந்தின் வால் நுனி நடுவில் வெட்டுப்பட்டிருக்கும், கருடனுடையது வளைந்து முடியும். அந்தக் கிளையில் நான் வாலைப் பார்க்கவில்லை. ரோஸைத்தான் பார்த்தேன்.

இப்போது பொறவாசலில் சிமெண்ட் போட்டாயிற்று. மருதமரம் நிற்கிறது, பருந்துகள் வருகின்றன. இல்லாமல் போனவை கோழிகள்தான். எங்கள் தெருவில் இப்போது யாரும் வளர்ப்பதில்லை. அதனால் யாரும் அண்ணாந்து பார்ப்பதுமில்லை.

திருப்பூரிலிருந்து தம்பி போன மாதம் வந்திருந்தான். காதோரம் நரைத்துவிட்டது. பின்வாசலில் நாற்காலி போட்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது சிமெண்டின்மேல் ஒரு நிழல் ஓடியது. வாலைப் பார், வாலை மட்டும் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் எழுந்தேன். அதற்குள் அம்மா, அவளறியாமல், "பா, பா" என்று இல்லாத குஞ்சுகளைக் கூப்பிட்டுவிட்டு, தம்பியின் கழுத்தில் புறங்கையை வைத்தாள். அவன் நெளியவில்லை, பேச்சை நிறுத்தி, கழுத்தைச் சற்றுச் சாய்த்துக் கொடுத்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தபோது வானத்தில் ஒன்றுமில்லை.