ம் கொட்ட ஓர் ஆள்

செய்தி குரல்பதிவாகத்தான் வந்தது. சென்னையில் என் மகள் வீட்டுப் பக்கத்துக் காய்கறிக்கடையில் ஒரு கையில் முருங்கைக்காயும் மறுகையில் கைப்பேசியுமாக நின்றிருந்தேன். பேருந்து இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. கடைக்குள் ஒதுங்கிக் காதோடு வைத்து மறுபடி போட்டேன். மஸ்கட்டிலிருந்து ஜெனிட்டா அழுதுகொண்டே சொன்னாள்: "மாமா, அப்பா போயிட்டாவ. காலையில பக்கத்து வீட்டு அக்கா கதவத் தட்டிருக்காவ..." அதற்குமேல் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டேன். சிலுவை அண்ணாச்சி போய்விட்டார் என்பதையும் ஓர் இயந்திரம்தான் எனக்குச் சொல்ல வேண்டுமா என்று எரிச்சல் வந்தது. இயந்திரங்களின் மேல் எனக்கும் அவருக்கும் இருந்த எரிச்சல் பழையது.

இதை வாசிப்பவர்களில் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணாச்சி மணப்பாட்டுக்காரர், அவர் மகள்தான் ஜெனிட்டா. தூத்துக்குடித் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து கப்பல்களோடு பேசுவது அவர் வேலை. பக்கத்து நாற்காலியில் நான், கணேசன். நாம் சொன்னதைக் கப்பல்காரர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. ஒருமுறை ஒரு கேப்டன் "ஓகே, ஓகே" என்று மட்டும் சொல்லித் தப்பப் பார்த்தார். அண்ணாச்சி விடவில்லை. அவர் வாயால் முழுவதையும் வரவழைத்த பிறகுதான் டீயைத் தொட்டார். "நாம சொல்லிட்டா முடிஞ்சு போச்சாலே? அந்தாளு திருப்பிச் சொன்னாத்தான் நாம சொன்னதாக் கணக்கு" என்றார். ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. டீக்கடையில் சீனி கம்மி என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் "சீனி கம்மி" என்று திருப்பிச் சொல்லும்வரை அங்கேயே நிற்பார்.

ஜெனிட்டாவுக்குத் தன் தாயைத் தெரியாது. அண்ணாச்சியின் மனைவி செல்வராணி மதினி இறந்தபோது அவள் கைக்குழந்தை. நான் அப்போது வேலைக்கே சேரவில்லை. வளர்த்த அத்தையும் போய்விட்டார். அம்மாவைப் பற்றிச் சொல்ல அப்பா ஒருவர்தான் மிச்சம். எழுதித் தாருங்கள் என்று அவள் பல காலமாகக் கேட்டுவந்தாள். இவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுத உட்கார்ந்தபோது கை நடுக்கம் வந்திருந்தது.

அவள் ஒரு குரல்பதிவுக் கருவியை வாங்கி அனுப்பினாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, பொத்தான்களோ அரிசி அளவு. நடுங்கும் விரல்களை அது படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஒரு மதியம் முழுக்கப் பேசினார். திரும்பப் போட்டால் முதல் வாக்கியம் மட்டும்தான் இருந்தது. அணைத்துவிட்டதாக அவர் நினைத்த நேரத்தில் குக்கர் விசிலும், கருவாட்டுக்காரியிடம் அவர் பேசிய பேரமும் துல்லியமாகப் பதிவாகியிருந்தன. "பேரம் நல்லாத்தான் இருக்கு, இத அனுப்பிருவமா?" என்று கேட்டேன். அன்று எனக்கு அந்த வீட்டில் டீ கிடைக்கவில்லை.

பேசினால் தானே எழுத்தாக்கும் செயலி ஒன்றை அவர் கைப்பேசியில் போட்டுக்கொடுத்தேன். அதில் தொல்லை வேறு மாதிரி. ஒரு வாக்கியம் சொல்வார், "கேக்குதா?" என்பார், பதிலுக்குக் காத்திருப்பார். கைப்பேசி அந்த இடைவெளியில் தன்னை மூடிக்கொள்ளும். அவர் மூடிய கைப்பேசியிடம் தொடர்ந்து பேசுவார்.

"நிறுத்தாமப் பேசுங்க அண்ணாச்சி."

"யாரு கேக்கான்னு தெரியாம எப்படிலே பேசிக்கிட்டே போவ?"

நம் கடற்கரைப் பேச்சை அது கந்தலாக்கியதால், எழுத்துத் தமிழில் பேசிப் பார்க்கச் சொன்னேன். "என் மனைவி மிகவும் நல்லவர்" என்றார். செயலி ஒரு பிழையில்லாமல் எழுதியது. அண்ணாச்சி அதைப் படித்துப் பார்த்தார். "எம் பொண்டாட்டியப் பத்தி நான் செய்தி வாசிக்கவா? அவ கேட்டா சிரிப்பா" என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது தற்செயல்தான். ஒருநாள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தபோது மதினியைப் பற்றி ஏதோ சொன்னார். வாய் நிறைய முறுக்கு இருந்ததால் "ம்" என்றேன். அடுத்ததைச் சொன்னார். மறுபடி "ம்". அதற்கடுத்ததும் வந்தது. மெல்லப் பதிவுக் கருவியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கல்யாணமான புதிதில் வீட்டிலும் அவர் வயர்லெஸ் பாணியில்தான் பேசுவாராம். "நான் சாள மீன் வாங்கிட்டு வாரேன்னு சொன்னா, 'சாள மீன் வாங்கிட்டு வாரீய, ஓவர்'னு வாசல்ல நின்னு கத்துவா. தெருவே சிரிக்கும். அவ போன பெறவு இந்த வீட்டுல நான் சொல்லுத எதையும் யாரும் திருப்பிச் சொல்லலலே." எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு தினமும் மாலையில் போனேன். கதை ஜெனிட்டா பிறந்தது வரை வந்துவிட்டது. அதற்குள் என் மகளுக்குப் பிரசவ நேரம். கிளம்பும் முன்தான் கருவியின் கோளாறு எனக்குப் பிடிபட்டது. பேச்சு நின்றால் பதிவையும் நிறுத்திவிடும் ஓர் அமைப்பு அதில் இருந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு, சரியான பொத்தானில் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டிக்கொடுத்தேன். "நீங்களே கொஞ்சம் பேசி வையுங்க அண்ணாச்சி" என்றேன். சென்னையிலிருந்து கடைசியாகப் பேசியபோது எப்போது வருவாய் என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன். "அடுத்த வாரம். சரிலே" என்று திருப்பிச் சொன்னார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஜெனிட்டாவும் நானும் அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் தனியாகப் பேசி வைத்திருந்த பதிவைப் போட்டோம்.

"உங்கம்மா உன்னயத் தூக்கிக்கிட்டு மொட்டமாடியில நிப்பா. கப்பல் லைட்டக் காட்டி, அந்தா அப்பா பேசுத கப்பலுன்னு சொல்லுவா. கேக்குதா?"

மின்விசிறிச் சத்தம் மட்டும் ஓடியது. ஜெனிட்டா கருவியின் பக்கம் குனிந்து, "கேக்குதுப்பா" என்றாள். அதைக் கேட்டவர் போலவே அவர் தொடர்ந்தார்.

"ஒருநா சாயங்காலம் காய்ச்சல்னு படுத்தா. கேக்குதா?"

"கேக்குதுப்பா."

இந்த முறை மின்விசிறி நெடுநேரம் ஓடியது. பிறகு, "மிச்சத்துக்குக் கணேசன் வரட்டும்மா. அவன் ம் கொட்டுனாத்தான் எனக்கு வருது" என்றார். பதிவு அத்தோடு முடிந்தது.

ஜெனிட்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மிச்சம் என்ன மாமா?"

எனக்குத் தெரியாது. என்னிடம் அவர் அதைச் சொல்லவில்லை. அந்த அடுத்த வாரத்துக்காக வைத்திருந்தார்.

கருவி அவளோடு மஸ்கட் போய்விட்டது. அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று தங்கியது ஒன்றுதான். இப்போது யார் பேசினாலும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு ம் கொட்டுகிறேன். வீட்டில் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும். இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது செல்வராணி மதினியைத் தெரிந்திருக்கலாம். அந்தக் காய்ச்சலைப் பற்றி, அதற்குப் பிந்தைய நாட்களைப் பற்றி எது நினைவிருந்தாலும் என்னிடம் வாருங்கள். எந்தக் கருவியும் வேண்டாம். நிறுத்தி நிறுத்திச் சொன்னாலும் போதும். நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு, ஜெனிட்டாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.